சான்று எண் பதினேழு

நிறுவனத்தின் வரைபடத்தில்
எங்கள் ஃபியோர்டின் அடிவயிறு சாம்பல் நிறம்.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
மென்சேறு. குறிப்பிடத்தக்க உயிர்கள் இல்லை.
சுரங்கக் கழிவு கொட்ட ஏற்றது.

எழுதியவர் படகிலிருந்து
கயிற்றில் வாளி இறக்கிப் பார்த்தாராம்,
மூன்று முறை.
நான் இறங்கியது நாற்பத்தொரு முறை.

ஏப்ரல். தண்ணீர் நான்கு பாகை.
உடுப்பின் கழுத்துப்பட்டை குரல்வளையை நெரிக்கும்.
உதடு முதலில் எரியும்,
பிறகு அது என்னுடையதாக இராது.
மேலே கயிறு பிடிப்பவள் யோருன்.
மீன் ஆலையில் இரவு வேலை முடித்து
அப்படியே வந்திருப்பாள், முழங்கையில் செதில்களோடு.
கயிற்றில் ஒரு இழுப்பு: நலமா?
இரண்டு: நலம்.
எங்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

பெரும்பாசிக் காட்டின் வேரடியில், பாறை இடுக்கில்
அவன் இருந்தான்.
உருண்டை மீன்.
காற்றிறங்கிய பந்தின் மேல்
யாரோ குமிழ் குமிழாய்த் தைத்த மாதிரி தோல்.
உடம்பெல்லாம் செங்கல் சிவப்பு.
வயிற்றிலிருக்கும் உறிஞ்சியால் பாறையைக் கவ்விக்கொண்டு
இரண்டு கை அள்ளும் முட்டைகளுக்கு
வாயால் தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தான்.
இட்டவள் ஆழத்துக்குத் திரும்பிவிட்டாள்.
இவன் தின்பதில்லை.
நட்சத்திரமீன் ஊர்ந்து வந்தால்
கடித்துத் தூக்கிப்போய் நாலடி தள்ளிப் போட்டுவிட்டு
மறுபடி ஊதுவான்.

முதல் படம் அழகாக வந்தது. அதுதான் கோளாறு.
பார்த்தவர்கள் ஆகா என்றார்கள்.
ஒருவர் நாட்காட்டி போடலாமே என்றார்.
மறுநாள் இறங்கி
பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தேன்.
தேதி, ஆழம், இடக்குறி.
அவன் அளவுகோலையும் ஒருமுறை கடித்துப் பார்த்தான்.

மன்றக் கூடத்தில் காப்பியும் வேஃபிளும்.
பொறியாளர் சொன்னார்:
சேறு தொண்ணூறு மீட்டர் ஆழத்தில்தான் இறங்கும்,
மேலே ஒன்றும் தெரியாது.
தெரியாது என்ற சொல்லை அவர்
ஆறுதலாகச் சொன்னார்.

என் முறை. திரையில் சான்று எண் பதினேழு,
சுவரளவு சிவப்பாய், வாய் திறந்தபடி.

துர்கில்ஸ் எழுந்தார். சுரங்கத்தில் லாரி ஓட்டுபவர்.
"ரான்வெய், உன் கேமராவைப் பிரி.
உள்ளே சுற்றியிருப்பது என்ன?"
செம்பு.
"அது வேறு எவனோ ஊர் மலையிலிருந்து வந்தது.
அந்த ஊர்க் கழிவை
எந்தத் தண்ணீரில் கொட்டினார்கள் என்று
எப்போதாவது இறங்கிப் பார்த்தாயா?"

பதினைந்து கேள்விகளுக்கு விடை எழுதி வைத்திருந்தேன்.
பதினாறாவது இது.
இல்லை என்றேன்.
ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது.

அவர் உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.
"இவன் எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை?"
முப்பத்தெட்டு நாள்.
"யாரும் மாற்றிவிட வருவதில்லையா?"
வருவதில்லை.
ம் என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

முடிவை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.
அது வெற்றி என்று தொலைபேசியில் சிலர் சொன்னார்கள்.
வாளியை இன்னும் யாரும் கழுவிக் கவிழ்க்கவில்லை.

மே ஒன்பது. இரவென்று சொல்ல முடியாத இரவு.
ஐந்து மீட்டரில் மின்கலம் செத்தது.
திரும்பலாம் என்று நினைத்தபோது
முட்டைத் திரள் கலைந்தது.

கடுகுக்கு வால் முளைத்தாற்போல்
நூறு, ஆயிரம்.
பிறந்த கணத்திலேயே அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
எதையாவது பற்றிக்கொள்.
பாசியில் பற்றின. பாறையில் பற்றின.
என் கையுறையில் ஏழு.
கேமராவின் கண்ணாடி நடுவில் ஒன்று,
எந்தக் குவியத்துக்கும் எட்டாத அண்மையில்.
அவன் வெறும் பாறைக்கு ஊதிக்கொண்டிருந்தான்,
இன்னும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

இதற்குப் படம் கிடையாது.
கோப்பில் சேராது. எண் இல்லை.

கயிறு ஒருமுறை அசைந்தது.
நலமா?

பதில் இழுத்தால் ஏழும் உதிரும்.
பொறு, யோருன்.
கொஞ்சம் பொறு.